சின்னம்மா தைத்த பார்சல்கள்

காடாத் துணியில் பார்சல் தைத்தவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறோமோ தெரியாது. இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். தோள்பட்டை வலிக்கும் என்றால் மனசுக்குள் தூக்கினால் போதும். சாமானைத் தகர டப்பாவில் அடைத்து, டப்பாவைத் துணியில் பொதிந்து, நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்து, தையல் ஓடும் வழியெல்லாம் அரக்கை உருக்கிச் சொட்டு விட்டு, அது ஆறுவதற்குள் முத்திரையை அழுத்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் தபாலாபீஸ் ஜன்னலுக்குள் இருக்கும் மனுஷர் திருப்பித் தள்ளிவிடுவார். இன்றைக்கு என் பேத்தி ஒட்டும் நாடாவைச் சர்ரென்று இழுத்துப் பெட்டியில் ஒட்டுகிற சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசுகிறது.

எங்கள் வீடு திண்டுக்கல் பேகம்பூரில். அத்தாவுக்கு, தகப்பனாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தோல் மண்டி. அத்தாவின் ஒரே தம்பி, என் சின்னத்தா, பட்டாளத்தில் இருந்தார். சிறுபிள்ளையிலேயே தாய் தகப்பனை இழந்தவரை அத்தாவும் அம்மாவும்தான் வளர்த்தார்கள். தோல் நாற்றம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு ராணுவத்தில் சேர்ந்தவர் அவர். "தோல் நாத்தம் ஆகலன்னு வெடிமருந்து நாத்தத்துக்குப் போயிருக்கான்" என்று அத்தா மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்பதற்குக் குறை மாதிரி இருக்கும். பெருமைதான்.

சீனா சண்டை வந்த வருஷம், கோடையில், லீவில் வந்த சின்னத்தாவுக்குச் சித்தையன்கோட்டையில் பெண் பார்த்து நிக்காஹ் முடித்தார்கள். லீவு முடிந்ததும் அவர் ரயிலேறிவிட்டார். சின்னம்மா எங்களோடு தங்கிவிட்டாள். தாவணி போட்ட பழக்கம் போகாமல் சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டிருப்பாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ராத்திரி என் பக்கத்தில்தான் படுப்பாள். எனக்கு அவள் சின்னம்மாவா அக்காவா கூட்டாளியா என்று யாராவது கேட்டிருந்தால் மூன்றும்தான் என்று சொல்லியிருப்பேன்.

புதுப்பெண் புருஷனுக்குத் தானாகக் கடுதாசி எழுதுவது எங்கள் பக்கத்தில் அப்போது வழக்கமில்லை. அத்தாதான் எழுதுவார். எழுதி முடித்து, "யாரும் எதும் சொல்றீகளா?" என்று பொதுவாகக் கேட்பார். சின்னம்மா கதவுக்குப் பின்னால் நின்று இல்லையென்று தலையாட்டுவாள். தலையாட்டியது அத்தாவுக்குத் தெரியப்போவதில்லை. அவர், 'உன் சம்சாரம் சலாம் சொல்லச் சொன்னாள்' என்று எழுதி மடித்துவிடுவார். அவள் நெஞ்சில் இருந்தது அத்தனையும் அந்த ஒரு சலாமுக்குள் அடங்கியாக வேண்டும்.

ஆனால் பார்சல் தைப்பது சின்னம்மாவின் வேலை. அம்மாவுக்குக் கண் பற்றாது, எனக்கு விரல் பற்றாது. நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன்.

பார்சல் என்றால் சும்மா இல்லை. பத்து நாள் முன்னாடியே வீடு அமளிதுமளிப்படும். ஆட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து மொட்டை மாடியில் உப்புக்கண்டம் காயப்போடுவோம். காக்கா விரட்டுவது என் உத்தியோகம். பொரிவிளங்காய் உருண்டை, சுக்குமல்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், ஒரு தகரப் புட்டியில் தேங்காய் எண்ணெய். இத்தனைக்கும் நடுவில், மடித்த துண்டுக்குள், திண்டுக்கல் சுருட்டு ஒரு கட்டு. தம்பி சுருட்டுப் பிடிப்பது அத்தாவுக்குத் தெரியாது என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒளித்து வைப்பது தனக்குத் தெரியாத மாதிரி அத்தா நடந்துகொண்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். ஒருவருக்காக ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்தக் குணம்தான் பின்னால் எங்களைக் கெடுத்தது.

முதல் பார்சலுக்குச் சின்னத்தா எழுதிய பதிலை அத்தா கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். 'மதனி அனுப்பிய தேங்காய் எண்ணெய் இங்கே வந்து கல்லாகிவிட்டது. தட்டி உடைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறோம். பொரிவிளங்காய் உருண்டையைத் துப்பாக்கியில் போட்டுச் சுடலாமா என்று எங்கள் சுபேதார் கேட்கிறார்.' அம்மா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டாள். அடுத்த வரிக்கு வந்ததும் அத்தா தொண்டையைச் செருமினார். 'பார்சல் தைத்த கைக்குச் சொல்லவும், தையல் மிகவும் கெட்டி. கத்தி வைக்க மனசில்லாமல் நூல் நூலாகப் பிரித்தேன்.'

அத்தா விட்டத்தைப் பார்த்தார். அம்மா கதவைப் பார்த்தாள். சின்னம்மா அடுப்படிக்குள் ஓடிப்போய், ஒரு காரணமும் இல்லாமல் அரிசிப் பானையைத் திறந்து மூடினாள். அன்றிலிருந்து அவள் தைப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. அரிசி மணி அளவுக்குத் தையல், ஒன்று போல ஒன்று. கடைசி மூலைக்கு வந்ததும் மூன்று தரம் பின்னோக்கித் தைத்து முடிச்சுப் போடுவாள். தபாலாபீஸ் ஜன்னல்காரர் பார்சலைத் தூக்கி மூலையை இழுத்துப் பார்த்து, "யாரு பாய் தச்சது? எங்க தபால் மூட்டைக்கெல்லாம் இவுகளக் கூப்பிடலாம் போலருக்கே" என்று அத்தாவிடம் கேட்டாராம். அத்தா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது எனக்கு ஊசி கோத்துக் கொடுத்த பெருமை.

பிறகு சண்டை வந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஆள் நிற்கும். பள்ளிக்கூடத்தில் ஜவான்களுக்காகத் துணிமணி சேர்த்தார்கள். பனி என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? மார்கழி மாதம் விடிகாலையில் தொண்டை கட்டினால் அதுதான் எங்களுக்குப் பனி. அம்மா கணக்குப் போட்டுப் பார்த்து, "கொடைக்கானல விட ஒரு கம்பளி சாஸ்தி வேணுமா இருக்கும்" என்று முடிவு செய்தாள். மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிக்காரரிடம் சொல்லிக் கழுத்துப்பட்டியும் குரங்குக் குல்லாவும் வாங்கிவரச் செய்தாள். குல்லாவை நான் போட்டுப் பார்த்து வேர்வையில் குளித்தேன். சின்னம்மா அதை என் தலையிலிருந்து கழற்றி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, முகத்தில் ஒற்றிக்கொண்டு மடித்து வைத்தாள்.

அந்தப் பார்சல் போன கொஞ்ச நாளில் மண்டிக்குத் தந்தி வந்தது. ஆளைக் காணவில்லை என்று.

அன்று அத்தா மத்தியானமே வீட்டுக்கு வந்ததும், கிணற்றடியில் அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்கள் பேசிக்கொண்டது பின்னாளில் அம்மா சொல்லித்தான் தெரியும்.

"மவுத்துன்னு போடல. காணலன்னுதான் போட்டுருக்கு" என்றாராம் அத்தா.

"அப்ப வந்துருவாரு. சீனாக்காரன் புடிச்சு வச்சிருப்பான். சண்டை முடிஞ்சா விட்டுருவான்."

"அந்தப் புள்ளகிட்ட என்னான்னு சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். சொன்னா அவ அத்தா நாளைக்கே வந்து மகளக் கூட்டிட்டுப் போயிருவாரு. தம்பி திரும்பி வந்து 'அவ எங்க மதனி?'ன்னு கேட்டா நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு நிப்பேன்?"

சின்னம்மாவின் அத்தா அப்படிப்பட்டவர்தான். ஒற்றை மகள், முன்கோபம். செய்தி தெரிந்தால் மகளை இத்தாவில் உட்கார வைத்துவிடுவார். நம்மில் இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: புருஷன் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், பெண்டாட்டி நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்து துக்கம் காப்பதற்கு இத்தா என்று பெயர். அந்த நாட்களில் அவளைத் தனியாக விடமாட்டார்கள். தெருப் பெண்கள் ஆள் மாற்றி ஆள் வந்து பக்கத்தில் உட்காருவார்கள், வீட்டு வீட்டுக்குச் சோறு வரும். உயிரோடு இருக்கிற ஆளுக்கு அப்படி உட்கார வைப்பது அபசகுனம் என்று அம்மா பயந்தாள். நியாயமான பயம்தான்.

கடுதாசி வரவில்லையே என்று சின்னம்மா கேட்பாள் அல்லவா? சண்டை நடக்கிற இடத்தில் எழுத விடமாட்டார்கள், பார்சல் மட்டும் போய்ச் சேரும் என்று சொல்லிவைத்தார்கள். அப்படிச் சொல்லிவிட்டதால் பார்சல் போயே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. கட்டுவது போலக் கட்டிவிட்டு மண்டியிலேயே போட்டுவைக்கலாம் என்றார் அத்தா. அம்மா ஒப்பவில்லை.

"அனுப்பாம அனுப்புனேன்னு சொன்னா அது பொய்யி. நெசமாவே அனுப்பிட்டா அதுல பொய் என்ன இருக்கு?"

என் அம்மாவின் நேர்மை அந்த மாதிரி. சிரிப்பு வருகிறதா? எனக்கும் வரும்.

ஆக, மறுபடியும் உப்புக்கண்டம், மறுபடியும் உருண்டை, மறுபடியும் காக்கா. அம்மா முன்னைவிடச் சுறுசுறுப்பாக வேலை பார்த்தாள். பார்சல் கட்டுகிற நாட்களில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். சாமானை அடுக்கும்போது, "இத முன்னால வைப்போம், தொறந்ததும் இதத்தான் தேடுவாரு" என்பாள். அவளே அதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

தை மாதத்தில் ஒரு நாள் அத்தாவுக்குச் சோற்றுப் போசி எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். உள்ளே இருட்டு. உப்புப் போட்ட தோல் அடுக்கும் ஆவாரம்பட்டை மூட்டையும் கலந்த அந்த வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அடுக்குக்குப் பின்னால் எங்கள் பார்சல் கிடந்தது. அரக்கு உடைந்து, மேலெல்லாம் ஊதா மையில் முத்திரை குத்தியிருந்தது. மூலையில் மூன்று பின்தையல். அனுப்பியவர் முகவரி மண்டிதான் என்பதால் தபால்காரர் அங்கேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

அத்தா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "த்தா, அம்மாகிட்ட மட்டும் சொல்லு, வந்துருச்சுன்னு. வேற யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. என்ன?"

நான் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா, "அட்ரஸ் மாறியிருக்கும். படை எடம் மாறிப்போயிருக்கும்" என்று எனக்குப் பதில் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

திரும்பி வந்த சாமானை அத்தா மண்டிக் கூலியாட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். அவர்களுக்கு விஷயம் தெரியும். எல்லோரும் அந்த உருண்டையை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். சுருட்டுக் கட்டை மட்டும் அத்தா யாருக்கும் கொடுக்காமல் கல்லாவுக்கு அடியில் தள்ளிவைத்தார்.

துணிதான் மிச்சம். நம் அம்மாக்களுக்குத் துணியைத் தூக்கி எறிய மனசு வருமா? அரிசி வந்த சாக்கில் கால்மிதி, கால்மிதி நைந்தால் அடுப்புத்துணி. அம்மா முகவரி இருந்த பாகத்தை வெட்டி எடுத்தாள். மிச்சத்தில் அரக்கைச் சுரண்டி, மை போகச் சவுக்காரம் போட்டுக் கொதிக்கவைத்து, கல்லில் அடித்து, சின்னம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்த நேரமாகப் பார்த்து மாடியில் காயப்போட்டாள். "ஊசி போன எடம் தண்ணி பட்டா தன்னால மூடிக்கும்" என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். புதுத் துணிக்குச் சரிதான், மூடிக்கொள்ளும். அரிசி மணி அளவுக்கு நெருக்கித் தைத்து, மாதக்கணக்கில் ரயிலிலும் லாரியிலும் இழுபட்ட துணிக்கு அது எப்படி மூடும்? இத்தனை வருஷம் துணி துவைத்தவளுக்கு அது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

அடுத்த பார்சலுக்குப் பொடிகளைப் போட உள்பை தைக்கச் சொல்லி அந்தத் துணியைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். முற்றத்தில் மத்தியான வெயில். சின்னம்மா துணியை மடியில் விரித்து ஓரத்தை மடக்கப் போனாள். கட்டைவிரல் ஓரத்திலேயே ஊர்ந்து போனது. மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டது. துணியைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள். வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. அவள் முகத்தில் அந்தப் பொட்டெல்லாம் விழுந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"இத யாரு குடுத்தா?"

"அம்மா."

அவள் துணியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் கோத்த ஊசியை நீட்டிக்கொண்டே நின்றேன். பிறகு வாங்கினாள். பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு விட்டு, ஒன்றுகூடப் பிசகாமல், கடைசி வரை தைத்தாள். அம்மா வந்து பார்த்து, "நல்லாத் தச்சிருக்கடி" என்றாள். "ஆமக்கா" என்றாள் சின்னம்மா.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். எங்களுக்குக் கண் இருந்தது, அவ்வளவுதான்.

சின்னம்மா பூ வைப்பதை நிறுத்தினாள். நம் ஊரில் மல்லிகைக்கா பஞ்சம்? அம்மா தினமும் வாங்கிக் கொடுப்பாள். இவள் தலை வலிக்கிறது என்று அதை என் தலையில் வைத்துவிடுவாள். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. அம்மா அவளுக்குப் பச்சை நிறத்தில் புதுச்சேலை எடுத்திருந்தாள். "அவுக வரட்டும்க்கா, அப்ப கட்டிக்கிறேன்" என்று பெட்டியில் வைத்தாள். அத்தரை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடுத்த தெருவில் கல்யாணம், போகவில்லை. வாசல் வரைகூட வரவில்லை. வீட்டு வேலை அத்தனையும் செய்தாள், பார்சலும் தைத்தாள். அந்தத் தையலில் ஒரு குறையும் இல்லை.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "புருசன் கண்ணெதிர இல்லன்னா ஒரு பொண்ணு இப்பிடித்தான் இருக்கணும்" என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளும் ஆமாம் ஆமாம் என்று தன் மருமகளைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள்.

சீனாக்காரர்கள் பிடித்துவைத்தவர்களை விடுவிக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. அத்தா தினமும் ஸ்டேஷன் பக்கம் போய்வந்தார். ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு ஒருவர் திரும்பி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போனார். வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீடு. அவர் வேறு படையைச் சேர்ந்தவர், சின்னத்தாவைத் தெரியாது. ஆனால் அத்தாவை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. தோட்டத்துக்குள் இறங்கி ஒரு பை நிறையத் தக்காளி பறித்துக் கொடுத்திருக்கிறார். அம்மா அந்தத் தக்காளியில் ஒன்றைக்கூடக் குழம்பில் போடவில்லை. கூடையிலேயே அழுகிப்போயிற்று.

கோடை தணியத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, சின்னம்மா தலைக்குக் குளித்துவிட்டு நல்ல சேலையாக ஒன்று எடுத்துக் கட்டினாள். அம்மாவிடம் போய், "அக்கா, இவளக் கூட்டிக்கிட்டுத் தெருமொன வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றாள். அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என் கையைப் பிடித்தபடி வாசற்படி இறங்கினாள். பள்ளிவாசல் திருப்பம் வரைக்கும் போனோம். அங்கே கொஞ்சம் நின்றாள். கடை ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். "வேணாம்த்தா, வா போவோம்" என்று திரும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் தனியாக இழுத்துப்போய், "சிரிச்சாளா?" என்று கேட்டாள். புள்ளைக்கு மனசு தெளிந்துவிட்டது என்று அன்றைக்குப் பாயசம் வைத்தாள். சின்னம்மா அதையும் குடித்தாள்.

ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாளில் சர்க்காரிலிருந்து முடிவான தகவல் வந்தது. போன வருஷம் கார்த்திகையிலேயே, அந்தச் சண்டையிலேயே, சின்னத்தா மவுத்தாகியிருக்கிறார். நாங்கள் குல்லாவை உள்ளே வைத்துப் பார்சல் தைத்து அனுப்பிய சமயத்திலேயே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இனிமேல் மறைக்க முடியாது. அத்தா சித்தையன்கோட்டைக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் சின்னம்மாவின் அத்தா வந்து இறங்கினார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தையும் கூட்டிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார வைத்தார்கள். அம்மா சின்னம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். பிடித்துக்கொண்டிருந்தவள்தான் நடுங்கினாள்.

அத்தா ஹஜ்ரத்தைப் பார்த்தார். ஹஜ்ரத் கனைத்துக்கொண்டார். "ம்மா, அல்லா நாடுனத நாம மாத்த முடியாது..."

"தெரியும் ஹஜ்ரத்" என்றாள் சின்னம்மா. அந்தக் கூடத்தில் அவள் குரலை ஆண்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னடி தெரியும் ஒனக்கு?" என்றாள் அம்மா.

"நீங்க தொவச்சுக் குடுத்த துணியில என் ஊசித் தடம் இருந்துச்சுக்கா. அவுக கைக்குப் போயிருந்தா அது எப்பிடி நம்ம வீட்டுக்கு வரும்? உசுரோட இருந்தா நீங்க ஏன் என்கிட்ட மறைக்கணும்? அன்னைக்கே இத்தாவுல உக்காந்துட்டேன். நாள எண்ணிக்கிட்டே இருந்தேன். முடிஞ்ச அன்னைக்குத்தான் இவ கையப் புடிச்சுக்கிட்டு வெளிய போயிட்டு வந்தேன். நிக்காஹ்ல கட்டுன கருகமணிய மட்டும் கழட்டல. கழுத்த வெறுசாப் பாத்தா நீங்க ஒடஞ்சு போயிருவீக."

அம்மா, "அப்ப ஏண்டி அம்புட்டுப் பார்சலையும் தச்ச?" என்று கேட்டாள். ஏதோ அதுதான் முக்கியம் போல.

"தைக்கிறப்ப இருக்காகன்னு நெனச்சுக்குவேன். அதுவுமில்லாம, நீங்க பார்சல் கட்டுற அன்னைக்குத்தான் நல்லாச் சாப்புடுவீக."

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். நல்ல மனுஷர், சட்டத்தைத்தான் சொன்னார். "மவுத்தான நாள்லருந்து பாத்தாலும் காலம் முடிஞ்சுபோச்சு. இனி இந்தப் புள்ள உக்கார வேண்டியதில்ல. தகப்பன் கூட்டிட்டுப் போறதுன்னா தடையில்ல."

சின்னம்மாவின் அத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோபம் வந்தால் தெருவே கேட்கும்படி பேசுகிறவர், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் கூண்டு வண்டி நின்றது. அவர் போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பின்னால் அவர் அவளுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் செய்து வைத்தார். பிள்ளைகள் பிறந்து நன்றாகத்தான் இருந்தாள். பெரியவளான பிறகு நான் போய்ப் பார்த்தால் என் தலையைக் கோதிவிட்டு வேறு என்னென்னவோ பேசுவாள். அந்த வருஷத்தைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. எனக்கு இதில் ஆறாத ஒன்று இருக்கிறது. அவள் ஏமாந்தாள் என்பது அல்ல, அவள் ஏமாறவே இல்லை. ஒரு பெண் எங்கள் வீட்டுக்குள், எங்கள் நடுவில், ஆள் துணையே இல்லாமல் புருஷனுக்குத் துக்கம் காத்திருக்கிறாள். நாங்கள் அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு, சின்னம்மாவின் அத்தா வாசலுக்குப் போனதும், அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டாள். ஆண்கள் முன்னால் முக்காடு நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"அவ கணக்கு முடிஞ்சிருக்கலாம் ஹஜ்ரத். நாங்க இன்னும் அழுவவே இல்லையே."

அதைச் சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தான் வளர்த்த பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அத்தனை மாதமும் அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத பெயர். அதைக் கேட்டதும் சின்னம்மாவின் முகம் கோணியது. ஓடி வந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். அவள் அழுத சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள்.

வெயில் சாயத் தொடங்கியது. வாசலிலிருந்து சின்னம்மாவின் அத்தா தயங்கித் தயங்கிக் குரல் கொடுத்தார். "மகள ஏத்தி விடுங்க. இருட்டுறதுக்குள்ள ஊர் போயிச் சேரணும்."

அம்மா மடியை விட்டு அவள் தலையை எடுக்கவில்லை. அத்தாதான் எழுந்து, முகத்தைத் தோள் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"மாட்ட அவுத்துக் கட்டுங்க சம்பந்தி. இன்னைக்கு யாரும் எங்கயும் போகல."